குளம் ஹட்டன் மலையில் ஏறிவிட்டதா? கியூஜிஐஎஸ்-இல் ஆள்கூற்றுச் சிக்கலைத் தீர்க்கும் முறை

குளங்களின் எல்லைக் கோப்பு ஒன்றை யாரிடமோ வாங்கியிருப்பீர்கள். துருசு (மதகு), வான் (மிகுநீர் வழியும் இடம்), வாய்க்கால் வாசல் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் நீங்களே போய்க் குறித்திருப்பீர்கள். இரண்டையும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஒன்றாகத் திறக்கும்போது மூன்று விதமான சங்கடங்கள் வரலாம். ஓர் அடுக்கு (லேயர்) கண்ணிலேயே படாமல் போகலாம். அல்லது துருசு நடுக்கடலில் நிற்கலாம். மூன்றாவதுதான் பொல்லாதது: எல்லாம் சரியாக வந்தது போலவே இருக்கும், ஆனால் துருசு குளக்கட்டை விட்டு இருநூறு மீற்றர் தள்ளி வயலுக்குள் நிற்கும். முதல் இரண்டும் தாமாகவே கூவிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது அச்சாகி, சட்டம் போட்டு, பிரதேச செயலகச் சுவரில் தொங்கும் வரை யாருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் பலரும் செய்வது, ஆள்கூற்று முறைமைகளின் (ஓரிடத்தை எண்களால் குறிக்கும் முறைகளின்) பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து பார்ப்பது. அது லொத்தர் சீட்டு வெட்டுகிற வேலை. அதிர்ஷ்டத்தில் ஒன்று பொருந்தினாலும் ஏன் பொருந்தியது என்று தெரியாது. கோப்பில் உள்ள எண்களே தாம் எந்த முறைமை என்று சொல்லிவிடுகின்றன. வன்னிக்குள் வேலை செய்பவருக்கு அவை ஐந்தே வகைதான்.

படி 1: எண்களைப் படியுங்கள்

அடுக்கின் பண்புகளைத் திறந்து, தகவல் பகுதியில் அதன் பரப்பெல்லை எண்களைப் பாருங்கள். அட்டவணைக் கோப்பாக இருந்தால் நிரல்களை நேரடியாகவே பார்க்கலாம். கிளிநொச்சி நகரில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதே புள்ளி ஐந்து முறைமைகளில் ஏறத்தாழ இப்படித் தெரியும்:

- 80.40, 9.39 என்றால் பாகையில் எழுதிய நெட்டாங்கும் அகலாங்கும். ஜிபிஎஸ் தருவது இதுதான். ஈபிஎஸ்ஜி எண் (ஒவ்வொரு முறைமைக்கும் உள்ள அடையாள எண்) 4326.
- 459,200, 764,200 என்றால் இலங்கைக் கட்டம் 1999. ஈபிஎஸ்ஜி 5235.
- 159,200, 464,200 என்றால் கண்டவல டேட்டத்தில் (பூமி மாதிரியை நிலத்தோடு பொருத்தும் அடிப்படையில்) அமைந்த பழைய இலங்கைக் கட்டம். ஈபிஎஸ்ஜி 5234.
- 434,000, 1,038,000 என்றால் யூடிஎம் 44 வடக்கு. ஈபிஎஸ்ஜி 32644. இலங்கை முழுவதும் இந்த ஒரே வலயத்துக்குள் அடங்கிவிடுகிறது.
- 8,950,000, 1,050,000 என்றால் வெப் மெர்க்கேற்றர். ஈபிஎஸ்ஜி 3857. செய்மதிப் படத்தை அடியில் போட்டால் வருவது இது.

இலங்கைக் கட்டத்தின் மையம் நாட்டின் மிக உயரமான மலையான பீதுருதலாகலையில் இருக்கிறது. 1999 கட்டம் அந்த இடத்துக்கு 500,000, 500,000 என்று எண் கொடுத்திருக்கிறது. பழைய கட்டம் 200,000, 200,000 என்று கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்டால் மனக்கணக்கே போதும். 459,200 என்றால் மலையிலிருந்து ஏறத்தாழ 41 கிலோமீற்றர் மேற்கே. 764,200 என்றால் 264 கிலோமீற்றர் வடக்கே. கிளிநொச்சி அங்கேதான் இருக்கிறது. வன்னியின் பெரும்பகுதி அந்த மலைக்கு மேற்கே விழுவதால், கிழக்காள்கூறு (முதல் எண்) 500,000-க்குக் குறைவாகவே இருக்கும். முல்லைத்தீவு நகரமும் கொக்கிளாய்க் கரையும் போன்ற கிழக்கோரம் மட்டும் அதைத் தாண்டும். வவுனியாப் புள்ளி ஒன்று 530,000 என்று காட்டினால், முறைமையைத் தொட வேண்டாம். எண்ணைத் தட்டச்சு செய்தவரைக் கேளுங்கள்.

படி 2: தவறு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்

புள்ளி தவறான இடத்தில் விழுந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். விழுந்த இடம்தான் தடயம். அடுக்கின் மேல் வலச்சொடுக்கி 'சூம் டு லேயர்' கொடுத்து, அது எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்.

கிளிநொச்சிப் புள்ளி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தேயிலை மலையில் ஏறியிருந்தால், 1999 கட்டத்து எண்களுக்கு யூடிஎம் என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் மீற்றரில் ஆறிலக்கமாகவே தொடங்குவதால் ஏமாறுவது எளிது. ஆனால் யூடிஎம் வடக்காள்கூறு (இரண்டாவது எண்) நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுவது. வன்னியில் அது ஒன்பது இலட்சத்துக்குக் குறையாது. 1999 கட்டத்தில் எட்டு இலட்சத்தைத் தொடாது.

குமரிமுனைக்குத் தெற்கே கடலில் விழுந்திருந்தால், பழைய கட்டத்து எண்களைப் புதிய கட்டமாக வாசித்ததால் வந்த வினை. இதையே தலைகீழாகச் செய்தால் புள்ளி புதுச்சேரிக்கு நேர் கிழக்கே வங்கக் கடலில் மிதக்கும். இரண்டிலும் கிழக்கிலும் வடக்கிலும் முந்நூறு முந்நூறு கிலோமீற்றர் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். மையத்துக்குக் கொடுத்த எண்ணின் வித்தியாசம் அது.

பொத்துவிலுக்கு அப்பால் கிழக்குக் கடல் என்றால், 1999 கட்டத்தின் கிழக்கும் வடக்கும் இடம் மாறியிருக்கின்றன. பாகைகள் இடம் மாறினால் பயணம் இன்னும் நீளம்: கிளிநொச்சி வடதுருவத்துக்கு அண்மையில் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய்விடும். கூகுள் வரைபடத்தில் புள்ளியைப் பிரதி எடுத்தால் அகலாங்கு முன்னே வரும். கியூஜிஐஎஸ் எக்ஸ் என்று கேட்பதோ நெட்டாங்கை. 80 எக்ஸ், 9 வை. இலங்கைக்காரருக்கு இதை நினைவில் வைப்பதில் கஷ்டமே இல்லை, பெரிய எண் முதலில்.

எல்லாப் புள்ளிகளும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே பொட்டாகத் தெரிந்தால், பாகைகளை மீற்றராக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆபிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒன்றிரண்டு மட்டும் தனியாக நின்றால், அட்டவணையில் வெற்றிடமாக விட்ட பெட்டிகள் பூச்சியமாக வாசிக்கப்பட்டிருக்கின்றன.

வன்னிக்குள்ளேயே, ஆனால் பத்து இருபது கிலோமீற்றர் தள்ளி விழுந்தால்? அது முறைமைத் தவறு இல்லை. 9 பாகை 23 கலை 24 விகலை என்பதை 9.2324 என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் அது 9.39. கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். இந்த ஒரு தவறே புள்ளியைப் பதினேழு கிலோமீற்றர் தெற்கே இழுத்துவிடும்.

படி 3: பெயரைத் திருத்துங்கள், எண்ணை மாற்றாதீர்கள்

கியூஜிஐஎஸ்-இல் இரண்டு கட்டளைகள் அருகருகே இருந்து ஆட்களைக் குழப்புகின்றன. 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது இந்த எண்கள் எந்த முறைமையைச் சேர்ந்தவை என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டும். 'ரீப்ரொஜெக்ட் லேயர்' எண்களையே வேறு முறைமைக்குக் கணக்கிட்டு மாற்றிப் புதிய கோப்பு எழுதுவது. நெல் மூட்டையில் தவறாக ஒட்டிய சீட்டை மாற்றுவது ஒரு வேலை, நெல்லைக் குற்றி அரிசியாக்குவது வேறு வேலை.

எனவே ஒழுங்கு இதுதான். முதலில் படி 1-இல் கண்டுபிடித்த முறைமையை 'செட் லேயர் சிஆர்எஸ்' மூலம் கொடுங்கள். புள்ளி உரிய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு, தேவை இருந்தால் மட்டும் மாற்றுங்கள். தவறான பெயரோடு மாற்றினால், தவறு எண்களுக்குள்ளேயே இறங்கிவிடும்; பிறகு எந்தப் பெயரைச் சூட்டியும் திருத்த முடியாது. மூலக் கோப்பை வைத்திருந்தால்தான் பிழைத்தீர்கள்.

அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரிந்தால் அதற்கு முறைமையே சொல்லப்படவில்லை. ஷேப் கோப்பு என்பது உண்மையில் ஒரே பெயரில் உள்ள பல கோப்புகளின் கூட்டம். அதில் பிஆர்ஜே என்று முடிவதில்தான் முறைமை எழுதப்பட்டிருக்கும். வட்ஸ்அப்பில் ஒன்றிரண்டை மட்டும் அனுப்பினால் முதலில் தொலைவது அதுதான். எல்லாவற்றையும் ஒரே சிப் கோப்பாக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

திரையின் வலது அடியில் தெரிவது திட்டத்தின் முறைமை, அடுக்கினுடையது இல்லை. வேறு வேறு முறைமைகளில் உள்ள அடுக்குகளைக் கியூஜிஐஎஸ் தானே பொருத்திக் காட்டிவிடும், ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி உண்மை சொன்னால். ஆகவே செய்மதிப் படம் 3857-இல் இருப்பதால் உங்கள் கோப்பையும் 3857-க்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

படி 4: அந்த இருநூறு மீற்றர்

ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற பூமி மாதிரி. இலங்கையின் இரண்டு கட்டங்களும் எவரெஸ்ட் என்ற பழைய மாதிரியில் அமைந்தவை. ஒன்றிலிருந்து மற்றதற்கு டேட்டம் மாற்றம் செய்யாமல் அகலாங்கையும் நெட்டாங்கையும் அப்படியே எடுத்தால், பழைய தரவு தன் உண்மையான இடத்துக்கு இருநூறு மீற்றருக்குச் சற்று மேல் மேற்கே தள்ளித் தெரியும். திசை எங்கும் ஒன்றாகவே இருக்கும். எல்லாக் குளங்களும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் சந்தேகமே வேண்டாம், டேட்டம்தான்.

5234, 5235 என்ற எண்களைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தால் மாற்றத்துக்கான அளவுகளும் கூடவே வரும். எங்கிருந்தோ பிரதி எடுத்த தனிப்பயன் வரையறையைப் பயன்படுத்தினால்தான் ஆபத்து. 1999 கட்டத்தின் மாற்றத்தில் ஏழு அளவுகள் உண்டு: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஒன்று அளவுத்திட்டம். சுழற்சிக்குக் கூட்டல் கழித்தல் குறியிடுவதில் உலகில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு வழக்கத்துக்குரிய எண்ணை மற்ற வழக்கத்தை எதிர்பார்க்கும் மென்பொருளில் போட்டால் இங்கும் ஏறத்தாழ அதே இருநூறு மீற்றர் பிசகும். அந்த வரையறையை எறிந்துவிட்டு 5235-ஐ எடுங்கள்.

சரிபார்க்கக் குளத்தின் நீர்க்கரையைப் பயன்படுத்த வேண்டாம். மாரியில் வான் பாயும் குளம் ஆவணியில் பாதியாகிவிடும். செய்மதிப் படம் எந்த மாதத்தில் எடுத்ததோ யாருக்குத் தெரியும். அசையாத, கூர்மையான இடங்களை எடுங்கள்: ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளம் சந்தி, பரந்தன் சந்தி, ஒரு பாலத்தின் முனை, துருசுக் கட்டு. ஒன்று போதாது, ஒன்றுக்கொன்று தூரமான மூன்றையாவது பாருங்கள். ஐந்து மீற்றர் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். அது கைத்தொலைபேசியின் இயல்பு, மர நிழலில் இன்னும் கூடும்.

படி 5: பரப்பளவு எடுக்குமுன்

இடம் பொருந்திவிட்டது என்பதற்காக ஏக்கர் கணக்கும் பொருந்தும் என்று இல்லை. வெப் மெர்க்கேற்றர் படவெறியம் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக்காட்டும். கிளிநொச்சி அகலாங்கில் அது நூற்றுக்கு 3.4 அளவு. நூறு ஏக்கர் வயல்வெளி 103.4 ஏக்கராகத் தெரியும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மூன்று ஏக்கருக்கு மேல் என்பது சிறிய விடயம் இல்லை. 5235-க்கு மாற்றிய கோப்பில் பரப்பைக் கணக்கிடுங்கள், விடை சதுர மீற்றரில் வரும். அதை 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர். பேர்ச் வேண்டுமானால் அந்த ஏக்கரை 160-ஆல் பெருக்குங்கள். மாற்றிய கோப்பைச் சேமிக்கும்போது பெயரின் முடிவில் 5235 என்று சேர்த்துவிடுங்கள், பிஆர்ஜே தொலைந்தாலும் அடுத்தவருக்கு அந்த எண் மிஞ்சும்.