வீடியோ மேல் மனு எழுதுவது எப்படி

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று திங்கள்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதில்தான் வருமானத்தில் பாதி. கொஞ்ச வருடமாக இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ஒரு வீடியோவ எடுக்கணும்" என்பார்கள்.

யூடியூபில் யாரோ போட்ட வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இதுவும் மனுதான். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் எழுதின மனு கலெக்டர் ஆபீசில் என்ன பாடு படுமோ, அதே பாடுதான் இங்கேயும்.

2023 ஆடி மாதம் ஒரு அக்கா வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை. மூன்றாவது தடவை சட்னி கேட்ட பையனிடம் ஏதோ கடுப்பில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவன் அதைப் படம் பிடித்து, அவர் நடத்தையைப் பற்றிக் கேவலமாகத் தலைப்பு எழுதி யூடியூபில் போட்டுவிட்டான். மொத்தம் 52 விநாடி. அதில் 31வது விநாடியில் கல்லாப் பக்கம் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையும், அதற்குக் கீழே அவருடைய போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தது. அன்று ராத்திரியிலிருந்து கண்ட நேரத்தில் கண்டவனெல்லாம் போன் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

அக்கா மகன் காலேஜில் படிக்கிறான். அவன் என்ன செய்தான் என்றால், வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டு "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க மாப்ள" என்று எழுதிவிட்டான். நாற்பது பேர் அடித்தார்கள். முக்கால்வாசிப் பேர் அமுக்கியது பட்டியலில் கண்ணில் பட்ட 'ஸ்பாம்' என்ற காரணத்தை. வீடியோ அசையவில்லை. சில நூறு பேர் பார்த்திருந்த வீடியோ இரண்டு நாளில் பதினோராயிரத்துக்குப் போனதுதான் மிச்சம்.

இதில் தப்பு எங்கள் பக்கம்தான். எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள் என்பதை வைத்து யூடியூப்காரர்கள் வீடியோவை எடுப்பதில்லை. விதி மீறப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒருத்தர் சரியான காரணத்தில் கொடுத்தால் போதும். ஆகவே லிங்க்கை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். கமெண்டில் போய்ச் சண்டை போடவும் வேண்டாம்.

புகார் கொடுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீடியோ போய்விட்டால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். அதனால் முதலில் லிங்க்கை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். லிங்க்கில் பதினோரு எழுத்து வரும், அதுதான் அந்த வீடியோவின் பட்டா எண். அடுத்து சேனல். பெயரை எழுதி வைத்தால் போதாது. பெயரையும் @ போட்டு வரும் ஹேண்டிலையும் அவன் நாளைக்கே மாற்றிவிடலாம். மாறாதது யூசி (UC) என்று தொடங்கும் நீளமான சேனல் ஐடிதான். கம்ப்யூட்டரில் சேனல் பக்கத்தைத் திறந்து, சேனலைப் பற்றிய விவரத்துக்குள் போய் 'ஷேர் சேனல்' என்பதைத் தட்டினால் அந்த ஐடியைக் காப்பி எடுக்க வழி இருக்கும். தலைப்பு, தேதி, பார்வை எண்ணிக்கை, மோசமான கமெண்டுகள் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் மின்னணு ஆதாரத்துக்குத் தனியாகச் சான்று கொடுக்க வேண்டிவரும், ஆகவே எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ள வேண்டும். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் எதையும் சேமிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் கூடாது, "பாருங்க எவ்வளவு அநியாயம்" என்று யாருக்கும் அனுப்பவும் கூடாது. லிங்க்கை மட்டும் எழுதிக்கொண்டு புகார் கொடுங்கள். அப்படிப்பட்டதை போனில் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு எட்டு மாதம் முன்னால் சென்னை உயர் நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்ததை வைத்து இன்னமும் சிலர் வாதாடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது.

சரி, மனுவுக்கு வருவோம். வீடியோவுக்குக் கீழே அல்லது பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டினால் 'ரிப்போர்ட்' வரும். லாகின் செய்திருக்க வேண்டும். யார் புகார் கொடுத்தது என்று வீடியோ போட்டவனுக்குத் தெரியாது. பாலியல், வன்முறை, வெறுப்பு, துன்புறுத்தல், குழந்தை வதை, ஸ்பாம் என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு ஆளைக் குறிவைத்துக் கேவலப்படுத்தினால் அது துன்புறுத்தல். சாதி, மதம், பால் என்று ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தினால் வெறுப்பு. சாதியும் யூடியூபின் வெறுப்புப் பேச்சு விதிக்குள் வருகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை.

அக்காவுக்கு இந்தப் பட்டியல் மட்டும் போதவில்லை. போன் நம்பரும் முகமும் தெரிவதற்கு யூடியூபில் தனியாக ஒரு அந்தரங்கப் புகார் படிவம் இருக்கிறது. அதைப் பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும். சிறுவர்கள், இறந்தவர்கள், கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்கள் என்று சில பேருக்காக மட்டும்தான் இன்னொருவர் கொடுக்கலாம். ஆகவே மகனை எழுப்பிவிட்டு அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தேன். முழுப் பெயர் கேட்டது. "ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்கே அண்ணாச்சி" என்றார். ஆதாரில் இருப்பதையே அடித்தோம்.

மகன் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தான். "இவன் ஒரு பொறுக்கி. எங்க அம்மா இருபது வருஷமா உழைச்சு எங்கள வளர்த்தவங்க. உடனே தூக்குங்க, இல்லன்னா நடக்கிறதே வேற." நியாயமான கோபம்தான். ஆனால் படிக்கிற ஆளுக்கு வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் எழுதியது இது:

"0:31 முதல் 0:38 வரை என் கைப்பேசி எண் முழுதாகத் தெரிகிறது. 0:05 முதல் முகம் தெரிகிறது. கல்லாவுக்குப் பின்னால் நீலப் புடவையில் நிற்பவர் நான். படம் எடுக்கவோ வெளியிடவோ நான் சம்மதிக்கவில்லை. வீடியோ வந்த நாளிலிருந்து தெரியாத எண்களிலிருந்து ஆபாச அழைப்புகள் வருகின்றன."

அவ்வளவுதான். நிமிடம், விநாடி, திரையில் எந்த இடம், யார். இந்த நாலும் இருந்தால் மனு நிற்கும்.

தலைப்புக்குத் துன்புறுத்தல் என்ற காரணத்தில் தனிப் புகார். அதில் ஒரு காரியம் சேர்த்துச் செய்தேன். தலைப்பின் மூன்றாவது சொல்லுக்கு அர்த்தம் எழுதினேன். நம் பக்கத்து வசைச்சொல் பாதி அகராதியில் இருக்காது. சாதியைக் குத்திக் காட்டும் சொல்லோ, வெளியூர்க்காரருக்கு ஏதோ தொழில் பெயர் போலத் தெரியும். 'இந்தச் சொல்லை எங்கள் பகுதியில் ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலாளி என்று ஏசப் பயன்படுத்துகிறார்கள்' என்று அந்த ஒற்றை வரி எழுதும்போது எனக்கே கை கூசியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் படிப்பவருக்கு விளங்கியிருக்காது.

அந்தரங்கப் புகார் போனதும், வீடியோ போட்டவனுக்குத் தானே சரிசெய்ய 48 மணி நேரம் அவகாசம் கொடுப்பது வழக்கம். மறுநாள் பார்த்தால் நம்பர் மங்கலாக்கப்பட்டிருந்தது. வீடியோ அப்படியே இருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்யூட்டரில் 'ரிப்போர்ட் ஹிஸ்டரி' என்று ஒரு பக்கம் இருக்கிறது, நாம் கொடுத்த ஒவ்வொரு புகாரின் நிலையும் அதில் தெரியும். தினம் காலையில் கடை திறந்ததும் அதைத்தான் பார்த்தோம். ஆறாவது நாள், நீக்கப்பட்டது என்று வந்தது. தலைப்புக்குக் கொடுத்த புகார்தான் வேலை செய்தது.

சேனலையே தூக்க வேண்டும் என்று மகன் நின்றான். அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. சாதாரணமாக முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக், அதாவது விதி மீறியதற்கான தண்டனைக் குறி, விழுந்தால்தான் சேனல் போகும். ஒரே ஆளை விடாமல் குறிவைக்கும் சேனலாக இருந்தால், ஒவ்வொரு வீடியோவாகக் கொடுப்பதோடு சேனல் பக்கத்தில் இருக்கும் 'ரிப்போர்ட் யூசர்' வழியாகவும் கொடுங்கள்.

காப்பிரைட் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வீடியோ உங்கள் போனில் நீங்கள் எடுத்ததாக இருந்து, அதைத் திருடிப் போட்டிருந்தால் தாராளமாகப் போடலாம். வீடியோவில் உங்கள் முகம் இருப்பதால் மட்டும் காப்பிரைட் உங்களுடையது ஆகிவிடாது, பொதுவாக எடுத்தவருக்குத்தான் அது. இன்னொன்று, காப்பிரைட் புகாரில் உங்கள் பெயர் எதிராளிக்குப் போகும். அவன் மறுப்பு அனுப்பினால் பத்து வேலை நாளுக்குள் நீங்கள் கோர்ட்டுக்குப் போனதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். உங்கள் பெயர் தெரிந்தாலே ஆபத்து என்கிற ஆளிடம் இந்த வழி வேண்டாம். ஏஐ வைத்து உங்கள் முகமோ குரலோ போலச் செய்திருந்தால் மேலே சொன்ன அந்தரங்கப் படிவமே போதும்.

தளம் கேட்கவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது அப்போது வைத்த கெடு. அந்தரங்க உறுப்புகள், நிர்வாணம், மார்பிங் செய்த படம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. இந்தக் கெடுக்களைப் பிறகு இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். மனு எழுதும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பார்த்து எழுதுங்கள். அலுவலர் பதிலில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

மிரட்டல், ஆபாசப் படம், பணம் பறிப்பு என்று இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் பதியுங்கள். உதவி எண் 1930. குழந்தைகள் என்றால் 1098க்கும் சொல்லலாம். சட்டப் பிரிவு எழுதும்போது கவனம். இன்னமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்துசெய்த பிரிவு. சம்மதம் இல்லாமல் அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ 66இ, வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ, குழந்தைகள் என்றால் 67பி. பிரிவு தெரியாவிட்டால் எழுதாதீர்கள். நடந்ததை எழுதினால் போதும், பிரிவைப் போலீஸ் போட்டுக்கொள்ளட்டும்.

"இன்னும் போடல அண்ணாச்சி, போட்டுருவேன்னு மிரட்டுறான்" என்று அழுதுகொண்டு வந்த பெண்ணும் உண்டு. அந்தரங்கப் படத்தை வைத்து இப்படி மிரட்டினால், அதற்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை மட்டும் உருவாக்கி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற சேர்ந்திருக்கும் தளங்களுக்கு அனுப்பும். அதே படத்தை யாராவது ஏற்றினால் அவர்களால் அடையாளம் காண முடியும். 18க்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனித் தளம். மிரட்டுகிறவனுக்குப் பணம் மட்டும் அனுப்பாதீர்கள், அடுத்த வாரம் மறுபடியும் கேட்பான்.

சொந்தமாகச் சேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூடியூப் ஸ்டுடியோ அமைப்புகளில், கமெண்டில் தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. வசையைத் தமிழ் எழுத்தில் மட்டும் போட்டால் போதாது. தங்கிலீஷில் எழுதுகிறவன்தான் அதிகம், ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுவான். ஐந்தையும் போடுங்கள். உட்கார்ந்து கெட்ட வார்த்தையாக அடிப்பது ஒரு மாதிரிதான் இருக்கும், என் கடைப் பையன் சிரித்து உருண்டான்.

அக்கா விஷயம் ஆறாவது நாளோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து அதே வீடியோ, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, வேறு இரண்டு சேனலில் கிடந்தது. அதே மனுவை லிங்க்கும் விநாடியும் மட்டும் மாற்றி அனுப்பினோம். மூன்றாவது நாளே இரண்டும் போய்விட்டன. எழுதினதைச் சேமித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கூலிக்குப் பதிலாக இரண்டு பொட்டலம் இட்லி வந்தது. கியூஆர் அட்டையில் நம்பர் இருந்த இடத்தில் அக்கா இப்போது கோமதி அம்மன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அந்தத் தலைப்பை மாதம் ஒரு தடவை நான் தேடிப் பார்க்கிறேன், தமிழில் ஒரு தரம், தங்கிலீஷில் ஒரு தரம்.