ஆர்கேட் கேமுக்குக் கவர் போடும்போது செய்யக்கூடாதவை

மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு சின்ன ஆர்கேட் கேமைச் செய்துவிட்டு, கவர் படத்தை வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் அவசரமாக முடிப்பவர்கள் நிறையப் பேர். இதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளம்புகின்றன. கேமை விளையாடிப் பார்க்கப்போகிறவர்களைவிட அந்தக் கவரை மட்டும் பார்த்துவிட்டு விரலைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களுக்கு உங்கள் கேம் என்றால் அந்த ஒரு படம்தான்.

அடுத்தது, பெரிய திரையில் வைத்தே வரைந்து முடிப்பது. வரையும்போது படம் திரை முழுக்க விரிந்திருக்கும், இலையின் நரம்புகூடத் தெரியும், ஆனால் ஸ்டீம் என்கிற கணினி கேம் கடையில், பட்டியல்களில் வரும் 'சின்ன கேப்சூல்' படத்தை 462க்கு 174 பிக்சலில் ஏற்றினாலும் சில இடங்களில் அது 120க்கு 45 பிக்சலாகச் சுருங்கித்தான் தெரியும். கூகுள் பிளேயில் 512க்கு 512 பிக்சல் ஐகான் கேட்பார்கள், தேடல் பட்டியலில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அந்த அளவில் நரம்பும் நிழலும் புல்லும் சேர்ந்து ஒரே கலங்கலாகிவிடும். அதனால் கடைசியில் சுருக்கிப் பார்க்காதீர்கள், சின்ன அளவிலேயே தொடங்குங்கள்: 120க்கு 45இல் மூன்று நான்கு வண்ணத் திட்டுகளை வைத்து, எது ஆள், எது ஆபத்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தெரிந்தால் மட்டும் பெரிதாக்கி வரையுங்கள். நிறத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையிலும் ஒருமுறை பாருங்கள். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எவ்வளவு மோதினாலும், வெளிச்சத்தில் ஒரே அளவாக இருந்தால் கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும், அப்போது உங்கள் நாயகன் பேக்ரவுண்டுக்குள் காணாமல் போயிருப்பான்.

சரி, என்ன வரைவது? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான், பெரும்பாலான கவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஆர்கேட் கேம் என்பது ஒரே ஒரு செயலை நம்பி நிற்பது: தாவுவது, வெட்டுவது, சுடுவது, விலகுவது, அடுக்குவது. கவரில் அந்தச் செயல் இல்லாமல் அந்த உலகம் மட்டும் இருந்தால், பார்க்கிறவருக்குத் தன் விரல் என்ன செய்யப்போகிறது என்று தெரியாது. ஒரு தவளை இலைக்கு இலை தாவுகிற கேம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன வரும்? நடுவில் தவளை நின்று சிரிக்கும், பின்னால் குளம், மேலே நிலா, ஓரத்தில் பாம்பு, மூலையில் நாணயங்கள். எல்லாம் அழகுதான், ஆனால் எதுவும் நடக்கவில்லை. அதே தவளை ஓர் இலையை விட்டு எழும்பிவிட்டது, பின்னங்கால் இன்னும் நீண்டு தொங்குகிறது, போய் இறங்கவேண்டிய இலை பாதி மூழ்கிவிட்டது, கண் இரண்டும் அந்த இலைமேலேயே இருக்கிறது என்று வரைந்து பாருங்கள். விதி, ஆபத்து, வேகம், சிரிப்பு நான்கும் ஒரு படத்தில் வந்துவிடும், 'போய்ச் சேருமா சேராதா' என்ற கேள்வி பார்க்கிறவர் மனதில் தானாக எழும். நிலாவும் பாம்பும் நாணயமும் போகட்டும், ஸ்க்ரீன்ஷாட்களில் அவற்றுக்கு இடம் இருக்கிறது.

2010இல் ஆஸ்திரேலியாவின் ஹாஃப்பிரிக் நிறுவனம் வெளியிட்ட ஃப்ரூட் நிஞ்சாவைப் பாருங்கள். பெயரிலேயே நிஞ்சா இருக்கிறது, ஆனாலும் ஐகானில் முன்னால் நிற்பது வெட்டுப்பட்ட பழம். முகமூடி போட்ட வீரனைப் போட்டிருந்தால் அது நூறு சண்டை கேம்களில் ஒன்றாகத் தெரிந்திருக்கும். வெட்டுப்பட்ட பழத்தைப் பார்த்ததும் விரலை இழுக்கத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது, கேமில் இல்லாததைக் கவரில் காட்டுவது. 1977இல் வந்த அட்டாரி 2600 என்கிற வீட்டு கேம் கருவிக்கான கேம் பெட்டிகளின் மேல் பிரமாதமான ஓவியங்கள் இருக்கும், உள்ளே சில சதுரங்கள்தான் நகரும். அன்றைக்கு அது ஓரளவு பொருந்தியது, ஏனென்றால் திரையில் காட்ட முடியாததை மனதில் விரிக்க அந்த ஓவியம் உதவியது. இன்றைக்குக் கவரைத் தொட்ட அடுத்த நொடியே வீடியோவும் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்து நிற்கின்றன. கவரில் எண்ணெய் ஓவியம் மாதிரி ஒரு வீரனும் உள்ளே தட்டையான இரு நிற உருவங்களும் இருந்தால், ஏமாந்த உணர்வோடுதான் ஆள் திரும்பிப் போவார். கேமுக்குள் என்ன கோடு, என்ன நிறம், எவ்வளவு பிக்சல் என்பதை மாற்றாமல், அதன் சிறந்த ஒரு நொடியை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுங்கள். பிக்சல் கேமுக்குப் பிக்சலிலேயே கவர் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நிறங்களும் உருவத்தின் வெளிக்கோடும் அதேதான் என்று உடனே தெரியவேண்டும்.

அப்புறம் எழுத்து. கவரில் இருக்கவேண்டிய எழுத்து கேமின் பெயர் மட்டும்தான். 'இலவசம்', 'நம்பர் ஒன்', 'புதிய லெவல்கள்' என்றெல்லாம் ஒட்டுவது அசிங்கம் என்பதோடு, பல இடங்களில் விதிமீறலும்கூட. ஸ்டீமில் 2022 செப்டம்பர் 1 முதல் கேப்சூல் படங்களில் விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது. கூகுள் பிளேயும் 2021இல் ஐகானிலும் பெயரிலும் தரவரிசை, விலை, விளம்பர வாசகங்களைத் தடுத்துவிட்டது. மொபைல் ஐகானில் கேமின் பெயரையே போடவேண்டாம் என்பேன், பக்கத்திலேயே பெயர் எழுத்தில் வந்துவிடுகிறது. ஸ்டீமின் சின்ன கேப்சூலில் நேர்மாறு: அங்கே லோகோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்து நிற்கவேண்டும், அதனால் பேக்ரவுண்டை அமைதியாக விடுங்கள். மெல்லிய ஃபாண்ட், சொட்டுகிற ஃபாண்ட், கையெழுத்து ஃபாண்ட் எல்லாம் சுருங்கினால் செத்துப்போகும்.

தமிழில் லோகோ செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் பிளேயில் தமிழுக்கென்று தனிப் பக்கமும் தனிப் படங்களும் வைக்கலாம், செய்யுங்கள். ஆனால் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் உரை அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாமல் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும், தமிழ் தெரியாத டிசைனர் கையில் அது அப்படியே வெளியீட்டுக்கும் போய்விடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இறுதிப் படத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஞ, ணு, று மாதிரி வளைவு நிறைந்த எழுத்துகளில் வளைவுக்குள் இருக்கும் வெற்றிடம் சீக்கிரம் அடைந்துவிடும் என்பதால், தடிமனைக் கொஞ்சம் குறைத்து அளவைக் கூட்டுவது நல்லது.

ஒரே படத்தை வெட்டி வெட்டி எல்லா அளவுக்கும் பயன்படுத்துவதும் பெரிய தவறு. ஸ்டீமில் வாங்கிய கேம்களின் பட்டியலில் வரும் லைப்ரரி கவர் 600க்கு 900, நெட்டுக்குத்தாக நிற்பது. கூகுள் பிளேயில் கேமை முன்னிறுத்திக் காட்டும் ஃபீச்சர் கிராஃபிக் 1024க்கு 500, அகலமாகப் படுத்திருப்பது. சிறு கேம் தயாரிப்பாளர்கள் கேம் வெளியிடும் இட்ச் தளத்தில் 630க்கு 500 வைக்கச் சொல்கிறார்கள். அகலப் படத்தின் இரு பக்கத்தையும் நறுக்கி நெட்டுக்குத்தாக்கினால் தவளை இருக்கும், இலை போய்விடும், தாவுகிற கதையே போய்விடும். ஆள், இலை, தண்ணீர், லோகோ எல்லாவற்றையும் தனித்தனி லேயரில் வரைந்து வைத்துக்கொண்டால், நெட்டுக்குத்துப் படத்தில் இலையைக் கீழேயும் தவளையை மேலேயும் வைத்து அதே தருணத்தை மறுபடி கட்டலாம். பிளேயில் வீடியோ சேர்த்தால் ஃபீச்சர் கிராஃபிக்கின் நடுவில் பிளே பொத்தான் வந்து உட்காரும், ஆகவே முகத்தை அங்கே வைக்காதீர்கள். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பக்கத்துக்கு மேலே அகலமாக வரும் 'ஹீரோ' படத்தில் எழுத்தே கூடாது, லோகோ தனியாக மேலே வரும்.

கவரைத் தனியாக, வெள்ளைத் தாளில் வைத்து எடைபோடுவதும் தப்பு. அது ஒருபோதும் தனியாக இருக்கப்போவதில்லை. உங்கள் வகை கேமைக் கடையில் தேடி, அந்தப் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நடுவில் உங்களுடையதை ஒட்டிப் பாருங்கள். எல்லோரும் வாயைப் பிளந்து கத்துகிற முகத்தையும் நீல வானத்தையும் வைத்திருந்தால் நீங்களும் அதையே வைத்துப் பயனில்லை. டார்க் மோடிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கருநீலப் பேக்ரவுண்டு வைத்த ஐகான்கள் அங்கே கரைந்துவிடும்.

கடைசியாகச் சோதனை. நண்பர்களிடம் 'நல்லாருக்கா?' என்று கேட்டால் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டிவிட்டு மூடி, 'இதில் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். 'தாவணும்' என்று வந்தால் கவர் தேறிவிட்டது. மொபைலில் கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் இரண்டிலுமே இப்போதைய படத்தோடு மூன்று மாற்றுகள் வரை ஒப்பிட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. ஆப்பிளில் மாற்று ஐகான்களை ஆப்புக்குள்ளேயே முன்கூட்டிச் சேர்த்து அனுப்பியிருக்கவேண்டும், இதை மறந்துவிட்டுப் பலர் கடைசியில் தவிக்கிறார்கள். ஐகானையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது, தள்ளுபடி வாரத்தில் மாற்றினாலும் அப்படித்தான். ஏற்கெனவே விளையாடுகிறவர்கள் தங்கள் போனில் உங்கள் கேமை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் தேடித் தொடுகிறார்கள், எனவே புதிய ஐகானில் முக்கிய நிறத்தை மட்டுமாவது பழையபடியே வைத்திருங்கள்.