குழுவுக்கேற்ற ‘வொர்க்கர் பிளேஸ்மென்ட்’ பலகை விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சம்பா நடவின்போது நடவாட்களுக்கு முதலில் சொல்லிவைத்தவர் வயலில் வேலை நடக்கும், பிந்தியவர் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்த தஞ்சைப் பகுதியினருக்கு ‘வொர்க்கர் பிளேஸ்மென்ட்’, அதாவது ஆட்களை வேலைக்கு அமர்த்தும் வகை விளையாட்டின் அடிப்படையை விளக்கத் தேவையில்லை: ஒருவர் தம் ஆள்காயை (வேலையாளைக் குறிக்கும் காயை) வைத்துவிட்ட வேலைக் கட்டம் அந்தச் சுற்றில் பெரும்பாலும் மற்றவருக்குக் கிடைக்காது.

கும்பகோணத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் குழுவுக்கு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது எத்தனை பேர் ஆடலாம் என்பதையே. 2008இல் வந்த ஸ்டோன் ஏஜ் நான்கு பேருக்கும், 2012இல் வந்த லார்ட்ஸ் ஆஃப் வாட்டர்டீப் ஐந்து பேருக்கும், விட்டிகல்ச்சர் ஆறு பேருக்கும் இடம் தருகின்றன.

அடுத்தது, உங்கள் குழு எவ்வளவு நெருக்கடியைத் தாங்கும் என்பது. ஊவே ரோசன்பெர்க் வடிவமைத்து 2007இல் வெளியான, பண்ணை நடத்தும் விளையாட்டான அக்ரிகோலாவில் 14 சுற்றுகளுக்குள் ஆறு அறுவடைகள் வரும். ஒவ்வோர் அறுவடையிலும் குடும்பத்தின் வளர்ந்த ஆள் ஒருவருக்கு இரண்டு உணவு வீதம் கொடுக்க இயலாதவர், குறையும் ஒவ்வோர் உணவுக்கும் மூன்று புள்ளிகளை இழப்பார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும் என நினைத்தேன். வயலில் படும் பாடு போதாதா என்றார் ஒருவர்.

புதியவர்கள் இருந்தால், பகடை உருட்டிப் பொருள் சேர்ப்பதும் படக்குறிகள் மிகுந்ததுமான ஸ்டோன் ஏஜே சரி. வாட்டர்டீப்பின் சீட்டுகளில் ஆங்கில வாசகங்கள் இருப்பதால் வீட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிவிடக்கூடும். பணம் கட்டுமுன் விதிநூலை இணையத்தில் படித்து, புளியங்கொட்டைகளை ஆட்களாக வைத்து ஓரிரு சுற்று ஆடிப் பாருங்கள்.