லோடரின் நடு மூட்டு பேரிங் மாற்றும்போது செய்யக் கூடாதவை

வீல் லோடரில் சக்கரம் தனியாகத் திரும்பாது, வண்டியே நடுவில் மடங்கும். முன் சேஸையும் பின் சேஸையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சென்டர் பின்கள் கோத்திருக்கும். பெரிய லோடர்கள் பலவற்றில் அவற்றைச் சுற்றி டேப்பர் ரோலர் பேரிங்குகள் உண்டு.

"ஸ்டீயரிங் ஆடுதுண்ணே" என்று ஆபரேட்டர் சொன்னதுமே இந்த மூட்டைப் பிரிக்க இறங்குவதுதான் முதல் தவறு. ஸ்டீயரிங் சிலிண்டரின் புஷ் தேய்ந்தாலும் வண்டி இப்படித்தான் ஆடும். வண்டி மடங்காமல் தடுக்கும் லாக் பாரை மாட்டி, பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இறக்குங்கள். மூட்டில் ஆட்டம் இருந்தால், அங்கே பொருத்திய டயல் கேஜின் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள் நகர்ந்து காட்டும். அந்த நேரத்தில் மூட்டுக்குள் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது.

உயிரை எடுக்கும் தவறு அடுத்தது. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, லாக் பார் இருக்கு என்று நம்பி சென்டர் பின்னைக் கழற்றுவது. இரண்டு பாதிக்கும் நடுவே விசையைக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும் பெரும்பாலான லோடர்களில் பார்க்கிங் பிரேக் ஒரு பாதியை மட்டுமே பிடிக்கும். பின்கள் போன பிறகு இரண்டு பாதிக்கும் ஆளுக்கொரு ஆக்சில்தான். முன்னாலோ பின்னாலோ குப்புறச் சாய இடமுண்டு. அதனால் நான்கு சக்கரத்துக்கும் கட்டை, இரண்டு சேஸுக்கும் தனித்தனி ஸ்டாண்ட். பின் ஆக்சில் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஊஞ்சல் மாதிரி ஆடும் வகையென்றால் அங்கேயும் இருபுறமும் ஆப்பு வைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேரிங்கின் வெளி வளையம் கப், ரோலர்களோடு இருக்கும் உள் வளையம் கோன். பழைய கப் பளபளவென்று இருக்கிறதே என்று புதுக் கோனை மட்டும் போடுவது சிக்கனம் அல்ல. இந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. இடமும் வலமும் 40 டிகிரி அளவில் ஆடி, ஒவ்வொரு ரோலரும் அதே இடத்தையே தேய்க்கும். கப்பில் நகத்தால் வருடிப் பாருங்கள், வரிவரியாகப் பள்ளம் தட்டும். கப்பும் கோனும் சோடியாக, மேலும் கீழும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் ஹவுசிங் துளையையும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். முட்டையாகியிருந்தால் எந்த பேரிங்கும் நிற்காது. துளையை மறுபடி வட்டமாகக் கடையும் லைன் போரிங் போட்டே ஆக வேண்டும்.

சம்மட்டியை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கோன் இறங்கவில்லை என்றால் அடிப்பதும் கேஸ் கட்டரால் சுடுவதும் நம் பட்டறைகளின் பழைய வியாதி. கட்டர் தீ பட்ட இடத்தில் எஃகின் கடினம் போய்விடும். 100 மில்லிமீட்டர் துளையுள்ள கோனை அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி ஏற்றினாலே துளை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் விரியும், சென்டர் பின்னில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இண்டக்ஷன் ஹீட்டர் அல்லது எண்ணெய்ச் சட்டி போதும். 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கப்பை உலர் பனிக்கட்டியில் வைத்தால் சுருங்கி உட்காரும்.

பழைய ஷிம்களை, அதாவது இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடுகளை, எண்ணி அப்படியே போடுவது இன்னொன்று. புது பேரிங்கின் உயரம் துளி மாறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. பேரிங்கை மூடும் கவர் பிளேட்டை ஷிம் இல்லாமல் வைத்து, மேனுவல் சொல்லும் சிறிய டார்க்கில் (திருகு விசையில்) போல்ட்டுகளைச் சமமாக இறுக்கி, சுற்றிலும் நான்கைந்து இடத்தில் ஃபில்லர் கேஜால் (இடைவெளி அளக்கும் தகடுகள்) இடைவெளி பாருங்கள். அதன் சராசரியை வைத்து, அந்த மேனுவல் கணக்குப்படியே ஷிம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிம் கூடினால் மூட்டு ஆடும், குறைந்தால் பேரிங் அளவுக்கு மீறி இறுகிச் சீக்கிரம் கெடும்.

வேலை முடிந்து பக்கெட்டில் வெல்டிங் வைக்கும்போது எர்த்தைப் பின் சேஸில் மாட்டாதீர்கள். கரண்ட் புது பேரிங் வழியாகப் பாய்ந்து ரோலரில் புள்ளி விழும். கிரீஸ் அடிக்கும்போதும் ஒரே நிலையில் அடித்தால் ஒரு பக்கமே நிறையும். கொஞ்சம் அடித்து, ஆள் விலகிய பிறகு வண்டியை இருபுறமும் மடக்கி, இன்ஜினை நிறுத்தி லாக் பாரை மாட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.