பழைய மஸ்டாங்கை மீட்டெடுப்பது எப்படி: 1965–66 வி8 மாடலுக்குப் படிப்படியான செய்முறை

அமெரிக்க மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட வேக வண்டி) வேலையில் முதன்முதலாக இறங்குபவர்களுக்கு 1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கைத்தான் பரிந்துரைப்போம். 289 கன அங்குல வி8 இன்ஜின் போட்ட ஹார்டுடாப் (கூரை மடங்காத வண்டி) கிடைத்தால் நல்லது. மஸ்டாங்கை மசில் கார் என்று ஒப்புக்கொள்ளாமல் போனி கார் (சிறிய ஸ்போர்ட்டி வண்டி) என்று சொல்பவர்கள் உண்டு. எந்தப் பெயரில் சொன்னாலும் கையில் கிரீஸ் படுவது ஒரே மாதிரிதான். 1964 ஏப்ரலில் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால், தரைத் தகடு முதல் கண்ணாடி ரப்பர் வரை இன்றும் புதிதாகவே கிடைக்கிறது.

பெரும்பாலான வண்டிகள் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் வேலையின் வரிசை தப்பிப்போவதுதான். வாங்கிய வாரமே கார்புரேட்டரும் சைலன்சரும் மாற்றுகிறார்கள். அடியில் தரை ஓட்டையாக இருக்கும், பிரேக் அறுபது வருடப் பழசாக இருக்கும். தகடு, பிரேக், சஸ்பென்ஷன், அதன் பிறகு இன்ஜின், கடைசியில் பெயிண்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: எண்ணைப் படியுங்கள்

பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்க உள் மட்கார்டின் மேல் விளிம்பில் வண்டி எண் அடித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. இரண்டாவது தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டுச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி: 07 ஹார்டுடாப், 08 கன்வர்ட்டிபிள் (கூரை மடங்குவது), 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்குவது). ஐந்தாவது எழுத்துதான் முக்கியம், அது இன்ஜின். சி என்றால் இரட்டைத் தொண்டை கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறன் 289. ஏ என்றால் நான்கு தொண்டையுடன் 225. கே என்றால் 271. டி (T) என்றால் அது ஆறு சிலிண்டர் வண்டி.

சக்கர நட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். வி8 மஸ்டாங்குக்குச் சக்கரத்துக்கு 5 நட்டு, ஆறு சிலிண்டருக்கு 4. வி8 என்று விற்கிற வண்டியில் 4 நட்டு இருந்தால், யாரோ இன்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பின் அச்சும், 9 அங்குல முன் டிரம்மும், ஸ்டீயரிங் கம்பிகளும் சிறிய இன்ஜினுக்கானவையாகவே இருக்கும். அவற்றையெல்லாம் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

படி 2: துருவைத் தேடுங்கள், முதலில் கவ்ல்

முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடைப் பகுதிக்குக் கவ்ல் என்று பெயர். மேல் தகடும் கீழ்த் தகடும் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்து ஒரு பெட்டியாக இருக்கும். மழைநீர் இதற்குள் விழுந்து, இரு ஓரங்களிலும் மட்கார்டுக்குப் பின்னால் வடிய வேண்டும். அந்த வடிகாலை இலைச் சருகு அடைத்துக்கொள்ளும். கீழ்த் தகட்டில் காற்று உள்ளே வர இரண்டு துளைகள் உண்டு. அவற்றைச் சுற்றி உயர்த்திய வளையம் இருக்கும். ஈரச் சருகு அந்த வளையத்தின் அடியிலேயே வருடக்கணக்கில் கிடந்து தகட்டை அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சோதனை எளிது. தரை விரிப்பை எடுத்துவிட்டு, ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சுடன் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சல்லடை மேல் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே சொட்டினால் கவ்ல் போய்விட்டது. தார், ஃபைபர், சீலண்ட் கொண்டு மேலாக அடைத்தால் ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும். அதற்குள் நீங்கள் போட்ட புதுத் தரையும் துருப்பிடிக்கும். கவ்லைச் சரிசெய்யாமல் தரைத் தகடு வாங்கவே வாங்காதீர்கள்.

மற்ற இடங்கள்: பேட்டரிக்கு அடியிலுள்ள உள் மட்கார்டும் சட்டமும் (ஆசிட் வடிந்திருக்கும்), முன் இருக்கைக்குக் கீழே தரை, டார்க் பாக்ஸ் (சட்டத்தையும் கதவடித் தகட்டையும் இணைக்கும் பெட்டித் தகடு), பின் மட்கார்டின் அடி விளிம்பு, டிக்கி. இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே டிக்கியின் தரை. அங்கே எதையும் சூடுபடுத்துமுன் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி.

இன்னொரு சோதனை: முன் சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தில் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்குங்கள். கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறக்க மூட இடித்தாலோ, பாடியின் அடிப்பலம் குறைந்திருக்கிறது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, தகடுதான் சேசிஸ்.

படி 3: பிரித்தல்

அங்குல அளவு ஸ்பேனர் செட் கட்டாயம்: 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒப்பேற்றினால் துருப்பிடித்த போல்ட்டின் தலை உருண்டுவிடும். முந்தின நாளே துரு இளக்கி அடித்து ஊறவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனிப் பையில், பை மேல் பெயர். வயரைப் பிரிக்கும் முன் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் சுற்றுங்கள். கழற்றுமுன் போட்டோ எடுப்பது, கதவுக் கீல் அடியில் இருந்த ஷிம் தகடுகள் எத்தனை என்று குறிப்பது, இரண்டும் பின்னால் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

படி 4: டிங்கரிங்கும் வெல்டிங்கும்

தரையை வெட்டுமுன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெல்டு செய்து கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொட வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் நடுவில் பாடி தொங்கும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது.

கவ்லின் மேல் தகட்டை எடுக்க மட்கார்டு, பானட் கீல், முன் கண்ணாடி எல்லாம் வெளியே வர வேண்டும். ஸ்பாட் வெல்டுகளை 8 மிமீ ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டின் கனத்துக்கு மட்டும் துளைத்துப் பிரியுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை, புள்ளிகள் நிறைய இருக்கும். புதுத் தகட்டில் அதே இடங்களில் 8 மிமீ துளையிட்டு, சேரும் பரப்பில் துத்தநாகம் கலந்த வெல்டு த்ரூ பிரைமர் அடித்து, துளை வழியாக வெல்டு நிரப்புங்கள்.

மிக் மெஷினில் 0.6 மிமீ கம்பி, 75 சதம் ஆர்கான், 25 சதம் கார்பன் டை ஆக்சைடு. பாடித் தகடு சுமார் ஒரு மிமீ கனம்தான். ஒரே இழுப்பில் நீளமாக ஓட்டினால் நெளிந்துவிடும். ஒரு செ.மீ. போட்டுவிட்டு 15 செ.மீ. தள்ளி அடுத்தது, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பின் இடையில் நிரப்புவது. பானட், கதவு, கூரை போன்ற தட்டையான தகடுகளை மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், அலை அலையாக வளைந்து வரும். அவற்றுக்குப் பெயிண்ட் ரிமூவர் போதும்.

படி 5: பிரேக்

இந்த வண்டியின் மிகப் பெரிய குறை இங்கேதான். 1965, 66 மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. 1967 மாடலிலிருந்துதான் இரட்டைச் சுற்று வந்தது. உங்கள் வண்டியில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் மேம்பாடு இரட்டைத் தொட்டி மாஸ்டர் சிலிண்டர். கூடவே முன் டிஸ்க் போட்டால் சிறப்பு. அந்தக் காலத்திலேயே 11.3 அங்குல டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் விருப்பத் தேர்வாக இருந்தன. அதே வடிவத்தில் இன்று கிட் கிடைக்கிறது.

வாங்குமுன் உங்கள் 14 அங்குல வீல் காலிப்பரைத் தாண்டுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். டிரம்முக்கான பழைய இரும்பு வீல் பொதுவாக இடிக்கும்.

குழாய் வேலை இப்படி. பழைய பிரிப்புக் கட்டையிலிருந்து முன் இடம், முன் வலம், பின் என மூன்று குழாய் போகும். பின் துளையைப் பிளக் போட்டு அடைத்து, அந்தக் கட்டையை முன் சக்கரங்களுக்கு மட்டும் விடுங்கள். பின் சக்கரத்துக்கு மாஸ்டர் சிலிண்டரின் இரண்டாவது துளையிலிருந்து புதுக் குழாய், நடுவில் திருகி மாற்றக்கூடிய பிரபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பது). டிஸ்க், டிரம் சேர்ந்த வண்டியில் பெரிய தொட்டி முன் டிஸ்குக்கு. குழாய் 3/16 அங்குலம், நிக்கல் கலந்த செம்பாக இருந்தால் கையாலேயே வளையும். முனை இரட்டை ஃபிளேர் (விரித்த விளிம்பை உள்ளே மடித்து இரண்டடுக்காக்குவது). ஒற்றை ஃபிளேர் அழுத்தம் தாங்காமல் பிளக்கும். ஃபிளேர் செய்யுமுன் நட்டைக் குழாயில் மாட்டிவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: டிரம் வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரை டிஸ்குக்குப் போடுவது. டிரம்முக்கான துளைக்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சிறு வால்வு இருக்கும். அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் விலகாது, பத்து நிமிட ஓட்டத்தில் டிஸ்க் சூடேறி வாடை வரும். இன்னொன்று: பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒன்றரை மிமீ அளவு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஆயில் தொட்டிக்குத் திரும்பாது, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழைய மாஸ்டர் சிலிண்டரிலேயே பிரேக் லைட் சுவிட்ச் இருந்தால், பெடலில் மாட்டும் சுவிட்ச் ஒன்றும் வாங்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து, துளைகளிலிருந்து சிறு குழாயைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாக அமுக்குங்கள். இதைச் செய்யாமல் வண்டியில் மாட்டினால் பெடல் கெட்டிப்படவே படாது. பிறகு பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம் என்ற வரிசையில் காற்று எடுங்கள். டாட் 3 அல்லது 4 ஆயில். டாட் 5 சிலிக்கானைக் கலக்கக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

முன் பேரிங்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, விரலால் இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

படி 6: சஸ்பென்ஷன்

மேல் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கும் காயில் ஸ்பிரிங், ஆளைக் கொல்லும் விசையோடு அமுங்கியிருக்கிறது. ஷாக் டவர் வழியாக உள்ளே இறங்கும் இந்த மாடலுக்கான கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீர்கள். புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் மாற்றும்போதே மேல் ஆர்மை ஒரு அங்குலம் கீழே இறக்கித் துளையிடுங்கள். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த முறை. 1965 ஷெல்பி ஜிடி350இல் இதைத்தான் செய்தார்கள். செலவு ஒரு டெம்ப்ளேட்டும் டிரில் பிட்டும்தான், திருப்பத்தில் வண்டி சாய்வது தெளிவாகக் குறையும். ஷாக் டவர்களைக் கவ்லோடு இணைக்கும் ஒரே துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸ் போல்ட் துளைகளுக்குப் பொருந்தவில்லை என்றால் ஷாக் டவர் உள்ளே சாய்ந்திருக்கிறது. துளையை ராவிப் பெரிதாக்காமல் டவரை முதலில் தள்ளி நிறுத்துங்கள். ரேடியல் டயருக்கு அலைன்மென்ட்: காஸ்டர் பாசிட்டிவ் 2 முதல் 3 டிகிரி, கேம்பர் நெகட்டிவ் அரை டிகிரி, டோ இன் 3 மிமீ.

படி 7: தூங்கிய இன்ஜினை எழுப்புதல்

ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். எட்டுப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, 1/4 அங்குல அறுகோணக் கம்பியை டிரில்லில் மாட்டி, ஆயில் பம்பைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டி, ராக்கர் ஆர்மில் ஆயில் வரும்வரை பாருங்கள். கம்பி முனையில் சாக்கெட் போட்டால் டேப் சுற்றுங்கள். உள்ளே விழுந்தால் ஆயில் பேனை இறக்க வேண்டியதுதான். ஃபில்டருடன் ஆயில் கொள்ளளவு சுமார் 4.7 லிட்டர். இது ஃபிளாட் டேப்பட் கேம் (வால்வைத் தள்ளும் டேப்பட் உருளாமல் கேம் மீது உரசும் வகை). துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் வேண்டும், இக்காலச் சாதாரண ஆயிலில் கேம் முனை தேயும்.

கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கும்போது த்ராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் 75 சதத்துக்குக் கீழே போகக் கூடாது. பிளக் இடைவெளி 0.034 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. டைமிங் (தீப்பொறி நேரம்) பிஸ்டன் உச்சிக்கு வருமுன் 6 டிகிரி, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

யாராவது பின்னாளில் 1980களின் 5.0 எச்ஓ இன்ஜினை மாட்டியிருந்தால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது, அதற்கு 1-3-7-2-6-5-4-8. ஃபிளைவீலும் வேறு: பழைய 289க்கு 28 அவுன்ஸ் எதிரெடை, 1980களின் 5.0க்கு 50 அவுன்ஸ். மாற்றிப் போட்டால் அதிர்விலேயே பேரிங் போய்விடும்.

படி 8: மின்சாரம்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டை (தீப்பொறிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவது அரைமணி வேலை, பலன் பெரிது. ஆனால் சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் இளஞ்சிவப்பு வயர் மின்தடை வயர். பேட்டரி வோல்ட்டேஜை வேண்டுமென்றே குறைக்கும். மாட்யூலின் சிவப்பு வயரை அந்தத் தடைக்கு முன்னால், முழு 12 வோல்ட் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். காயில் 1.5 ஓம் என்றால் அதற்குத் தடை வயர் இருக்கட்டும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைத்தால் மாட்யூல் கருகும்.

ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. ஹாலஜன் போட்டால் சுவிட்சுக்குள் இருக்கும் பிரேக்கர் சூடாகி, இரவில் ஓடும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரியும். இரண்டு 30 ஆம்பியர் ரிலே, ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து நேர் வயர். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 9: பெயிண்ட், முதல் ஓட்டம்

கதவு, பானட், மட்கார்டு அனைத்தையும் மாட்டி இடைவெளி சரிபார்த்த பிறகு, மறுபடி கழற்றித்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடித்த பிறகு சரிபார்த்தால் விளிம்பு சிலும்பும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத, காய்ந்த, சமமான இடத்தில். குறைந்த வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் சற்றுக் கூட்டி அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் பிரபோர்ஷனிங் வால்வைப் பின்பக்க அழுத்தம் குறையும்படி திருகுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு குழாய் நட்டையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்து ஈரம் இருக்கிறதா பாருங்கள், சக்கர நட்டுகளை 100 நியூட்டன் மீட்டரில் மறுபடி இறுக்குங்கள், கவ்ல் மேல் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.