மொழி மாறினால் மூளை மாறுமா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடியில் பல குடும்பங்களில் வீட்டுக்குள் உருது, கடைவாசலில் தமிழ். குடியாத்தம் பக்கம் போனால் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். ஒரே நாளில் இரண்டு மொழியில் பேரம் பேசுகிறவர்களிடம் போய் "மொழி மாறினால் சிந்தனையே மாறிவிடும்" என்றால் சிரிப்பார்கள். ஆனாலும் படித்தவர்கள் அதை அடிக்கடி எடுத்து விடுகிறார்கள். கூடவே, எட்வர்ட் சபீர், பெஞ்சமின் வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர்கள் இருவரை வைத்து, சபீர்–வோர்ஃப் கோட்பாடு என்று ஒரு பெயரும். அந்த இருவரும் சேர்ந்து அப்படி ஒரு கோட்பாட்டை எழுதவே இல்லை. பெயர் பிற்பாடு மற்றவர்கள் வைத்தது.

ஒரு மொழியில் சொல் இல்லையென்றால் அந்த எண்ணமே இல்லை என்று நினைப்பதுதான் பழைய தவறு. வோர்ஃப் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பழங்குடிகளின் ஹோபி மொழியில், நாம் காலம் என்பதைக் குறிக்கச் சொல்லோ இலக்கணமோ இல்லை என்று எழுதினார். 1983இல் எக்கேஹார்ட் மலோட்கி என்ற மொழியியலாளர், ஹோபி மொழி காலத்தைச் சொல்லும் விதங்களை மட்டுமே வைத்து 600 பக்கங்களுக்கு மேல் புத்தகம் போட்டார். எஸ்கிமோக்களிடம் பனிக்கு எக்கச்சக்கச் சொற்கள் உண்டு என்ற கதையும் இதே ரகம். 1911இல் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் காட்டியது நான்கே சொற்கள். அப்புறம் வாய்க்கு வாய் ஐம்பது, நூறு என்று ஏறியது.

அதற்காக மொழிக்குப் பங்கே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர். 2007இல் வெளிவந்த ஒரு சோதனையில், இரண்டு நீலமும் வேறு வேறு பெயருக்குள் வந்தால் ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தறிந்தார்கள். மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னதும் அந்த வேகம் போய்விட்டது; அதாவது வேகத்துக்கு உதவியது மனதுக்குள் ஓடிய சொற்கள்தான்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு: பழக்கத்தையும் பிழைப்பையும் மொழியின் கணக்கில் எழுதிவிடுவது. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மக்கள் இடது, வலது என்று சொல்லாமல் திசை வைத்தே பேசுவதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப்பக்கம் கழனியில் "மாட்டை மேற்கால கட்டு" என்பார்கள். வேலூர் நகரத்துச் சத்துவாச்சாரியில் வழி கேட்டால் "லெஃப்ட்ல திரும்புங்க". இரண்டும் தமிழ்தான்.

எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் தமிழர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஆளை அப்படியே பின்பக்கம் திருப்பி, அங்குள்ள மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். கிழக்கு பார்த்த மாட்டை மறுபடி கிழக்கு பார்க்கவே வைக்கலாம்; தன் வலப்பக்கம் பார்த்ததை வலப்பக்கமே வைக்கலாம். கிராமத்தார் முதல் வகைக்கும் நகரவாசிகள் இரண்டாவதுக்கும் சாய்ந்தார்கள். மொழி ஒன்று, பழக்கம் இரண்டு.

இன்னொன்று, புள்ளிவிவரத்தில் இரண்டு சேர்ந்து வந்தால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நம்பிவிடுவது. எதிர்காலத்தை இலக்கணத்தில் கட்டாயமாகக் காட்டாத மொழிக்காரர்கள் அதிகம் சேமிக்கிறார்கள் என்று 2013இல் பொருளியலாளர் கீத் சென் எழுதினார். உறவுள்ள மொழிகளின் பண்பாடும் ஒத்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்து, 2015இல் அவரும் சேர்ந்தே மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்தது. தமிழில் எதிர்காலம் பளிச்சென்று இருக்கிறது. முதல் கணக்குப்படி வேலூரில் சீட்டு கட்டவே ஆள் கிடைத்திருக்கக் கூடாது.