சிங்கப்பூரில் வீட்டு மின்சாரத் திட்டத்தை ஒப்பிட்டு மாற்றிக்கொள்வது எப்படி

வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதைக் குடியிருப்பவரே முடிவுசெய்யும் ஏற்பாடு, சிங்கப்பூரில் 2018 ஏப்ரல் மாதம் ஜூரோங் வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாகத் தீவு முழுவதற்கும் வந்தது. திறந்த மின்சாரச் சந்தை என்று இதற்குப் பெயர். விற்பனையாளரை மாற்றிக்கொள்ள விண்ணப்பிப்பது சில நிமிட வேலைதான். எந்தத் திட்டம் நம் வீட்டுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடலாம். விற்பனையாளர் யாராக இருந்தாலும், வீட்டுக்கு வரும் மின்சாரம் அதே கம்பிவடங்கள் வழியாகத்தான் வருகிறது. அவற்றைப் பராமரிப்பதும், மீட்டர் அளவைக் குறிப்பதும், மின்தடை ஏற்பட்டால் ஆள் அனுப்புவதும் எஸ்பி குழுமத்தின் பொறுப்பாகவே தொடர்கின்றன. மாறும் நாளில் விளக்கு அணைவதில்லை. மலிவான திட்டம் என்பதால் தரம் குறைந்த மின்சாரம் வந்துவிடுமோ என்று என் மாமியார் வெகுநாள் சந்தேகப்பட்டார். அப்படி எதுவும் இல்லை, மாறுவது விலையும் ஒப்பந்தமும் மட்டுமே.

ஒப்பிடத் தொடங்குமுன் கடந்த 12 மாதங்களின் பயனீட்டுக் கட்டணப் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை கிலோவாட் மணி செலவானது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியலில் தண்ணீர், எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணம் ஆகியவையும் சேர்ந்திருப்பதால், மொத்தத் தொகையைப் பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றத்தில்தான் முடியும். ஒரே ஒரு மாதக் கணக்கும் போதாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பகல் முழுவதும் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டிருந்த மாதமும், குடும்பமே ஊருக்குப் போயிருந்த மாதமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்களைக் காட்டும்.

அடுத்து, திட்டங்களின் வகை. எதையும் மாற்றாமல் எஸ்பி குழுமத்திடமே, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கட்டணத்தில் வாங்கலாம். விற்பனையாளரிடம் சென்றால் பெரும்பாலும் இரண்டு வகைகளைப் பார்ப்போம்: ஒப்பந்தக் காலம் முழுவதும் ஒரே விலை என்பது நிலைக் கட்டணத் திட்டம், எஸ்பி கட்டணத்தில் இத்தனை விழுக்காடு குறைத்துத் தருவது தள்ளுபடித் திட்டம். மாதம் 400 கிலோவாட் மணி செலவழிக்கும் ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் மணிக்கு எஸ்பி கட்டணம் 30 காசு (சென்ட்), நிலைக் கட்டணம் 28 காசு, தள்ளுபடி 5 விழுக்காடு என்றால், மாதச் செலவு முறையே 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 112 வெள்ளி, 114 வெள்ளி. எஸ்பி கட்டணம் 33 காசாக உயர்ந்தால் எஸ்பியில் இருப்பவரின் செலவு 132 வெள்ளியாகும். தள்ளுபடிக்காரர் 125 வெள்ளி 40 காசு கட்டுவார், நிலைக் கட்டணக்காரர் அதே 112 வெள்ளியில் நிற்பார். மாறாக 27 காசாக இறங்கினால் எஸ்பியில் இருப்பவருக்கு 108 வெள்ளி, தள்ளுபடிக்காரருக்கு 102 வெள்ளி 60 காசு. 112 வெள்ளி கட்டும் நிலைக் கட்டணக்காரர்தான் மூவரிலும் அதிகம் செலவழிப்பவர். ஆகவே இன்று எது மலிவு என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், விலை ஏறினாலும் இறங்கினாலும் எந்த நிலை நமக்குத் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு நிலைக் கட்டணமே பொருத்தம் என்பது என் கருத்து. சில வெள்ளி கூடுதலாகப் போனாலும், திடீர் உயர்வு வந்து திட்டத்தைக் குலைக்காது.

விலை எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகிக்க ஒரு வழி உண்டு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எஸ்பி கட்டணம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படுகிறது; அதன் எரிபொருள் பங்கு, முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலையின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே எரிவாயு விலை ஏறியிருக்கிறது என்ற செய்தி வந்தால், அடுத்த காலாண்டில் கட்டணம் உயரக்கூடும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

எரிசக்திச் சந்தை ஆணையம் நடத்தும் விலை ஒப்பீட்டு இணையத்தளத்தில் உங்கள் மாதப் பயன்பாட்டை இட்டால், திட்டங்கள் வரிசையாக வந்துவிடும். அங்கே எண்களை வாசிக்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதைக் கவனியுங்கள். வரி சேராத எஸ்பி கட்டணத்தை வரி சேர்ந்த விற்பனையாளர் விலையோடு ஒப்பிட்டு, 'இதில் என்ன லாபம்?' என்று கைவிட்டவர்களையும், அதையே தலைகீழாகச் செய்து அவசரப்பட்டு கையெழுத்திட்டவர்களையும் நான் அறிவேன். பகலில் ஒரு விலை, இரவில் ஒரு விலை என்னும் திட்டமும் உண்டு. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு, இரவில் மட்டும் குளிரூட்டி ஓடும் வீட்டுக்கு அது உதவும். தாத்தா பாட்டி பகலெல்லாம் இருக்கும் வீட்டுக்கு உதவாது.

விலைக்கு அடுத்து ஒப்பந்தம். பொதுவாக 6, 12, 24 மாதக் காலங்களில் ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. விற்பனையாளர் தரும் விவரத் தாளில் முன்பணம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன கட்டணம், வீடு மாறினால் ஒப்பந்தத்தைப் புதிய முகவரிக்கு எடுத்துச்செல்ல முடியுமா, பொருள் சேவை வரியோ, கரிம வெளியேற்றத்துக்கு விதிக்கப்படும் கரிம வரியோ உயர்ந்தால் விலையும் உயருமா ஆகிய கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கரிம வரி 2024இல் டன்னுக்கு 5 வெள்ளியிலிருந்து 25 வெள்ளியாக உயர்ந்ததை நினைத்தால், கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அன்று என்பது விளங்கும். மேலே கண்ட கணக்கில் நிலைக் கட்டணம் ஆண்டுக்கு 96 வெள்ளி மிச்சப்படுத்துகிறது. விலகல் கட்டணம் 150 வெள்ளி என்றால், ஆறு மாதத்தில் வீடு மாறவிருப்பவர் அந்தத் திட்டத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குப் பயனீட்டுக் கட்டணத்தில் அரசு தரும் யு-சேவ் கழிவு எஸ்பி கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. மின்கட்டணத்தை விற்பனையாளர் தனியாக வசூலிப்பவராக இருந்தால், அந்தக் கழிவு எப்படி ஈடுசெய்யப்படும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளரே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பது 2021இல் எல்லாருக்கும் தெரியவந்தது. உலக எரிவாயு விலை எகிறிய அந்த ஆண்டு அக்டோபரில், பல வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த ஐஸ்விட்ச் நிறுவனம் மின்சார விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. வேறு சில நிறுவனங்களும் தொடர்ந்து வெளியேறின. வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள், மின்சாரம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. ஆனால் மலிவான விலையில் போட்டிருந்த ஒப்பந்தம் அவர்கள் கையைவிட்டுப் போனது. அதனால், வேறு எவரும் தராத அளவுக்கு மலிவாக ஒரு திட்டம் கண்ணில் பட்டால், அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக மின்னாலை உண்டா, அல்லது சந்தையில் வாங்கி விற்பவரா என்று விசாரிப்பது என் வழக்கம்.

திட்டத்தைத் தேர்ந்தபின் எஸ்பி கணக்கு எண்ணோடு புதிய விற்பனையாளரிடம் விண்ணப்பித்தால் போதும். மாற்றும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார். ஏற்கெனவே ஒரு விற்பனையாளரிடம் இருப்பவர், அந்த ஒப்பந்தம் முடியும் தேதியையும் புதியது தொடங்கும் தேதியையும் பொருத்திப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். முதல் பட்டியல் வந்ததும் மீட்டர் அளவு, தொடக்கத் தேதி, ஒரு கிலோவாட் மணிக்கான விலை ஆகிய மூன்றையும் விவரத் தாளோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பதையும் அன்றே செய்துவிடுங்கள். என் இரண்டாவது ஒப்பந்தம் முடிந்தபோது, விற்பனையாளர் அனுப்பிய புதுப்பிப்பு மின்னஞ்சல் விளம்பரங்களுக்கிடையே புதைந்து கிடந்தது. நான் பார்ப்பதற்குள், அதிக விலையில் ஒப்பந்தம் தானாகவே நீட்டிக்கப்பட்டுவிட்டது. இப்போது முடிவு நாளுக்கு 45 நாள் முன்பாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அது ஒலித்ததும் பழைய பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடியும் ஒப்பிடத் தொடங்குகிறேன்.